செக் லைட் எரிந்ததும் சென்சாரை மாற்றாதீர்கள்: பி 0171 கோடு உண்மையில் சொல்வது என்ன?

ஸ்கேனரில் பி 0171 என்ற பழுதுக் குறியீடு (கோடு), 'சிஸ்டம் டூ லீன்', அதாவது கலவையில் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று வந்ததும் பல இடங்களில் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சில ஆயிரங்களுக்குப் புதிது மாட்டி, கோடை அழித்து, வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். ஒரே வாரத்தில் மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிகிறது. அந்தப் பழைய சென்சார் பெரும்பாலும் உள்ளதை உள்ளபடிதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கும்.

எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் முன்பக்க ஆக்சிஜன் சென்சார் ஈசியூவுக்கு, அதாவது இன்ஜினை இயக்கும் கணினிக்குத் தெரிவிக்கிறது. ஈசியூ இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து பெட்ரோலை ஏற்றுகிறது. இந்தத் திருத்தம்தான் ஃபியூயல் ட்ரிம். நொடிக்கு நொடி துள்ளுவது ஷார்ட் டெர்ம், பழகிப்போய் நிலைத்தது லாங் டெர்ம். இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை 10 சதவீதத்துக்குள் இருந்தால் பதற வேண்டாம். ஏறத்தாழ 25-ஐத் தொட்டும் கலவை சரியாகவில்லை என்றால் ஈசியூ கைவிரித்துவிட்டு விளக்கைப் போடும். இந்த எல்லை வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஒரு ப்ளூடூத் டாங்கிளைச் செருகி, கைபேசியிலேயே இதைப் படிக்கலாம். கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கோடு விழுந்தபோது இருந்த ஆர்பிஎம், வேகம், இன்ஜின் சூடு, லோடு எல்லாம் அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போகும், லாங் டெர்ம் ட்ரிம்மும் சுழியத்துக்குத் திரும்பிவிடும். பிறகு இருட்டில் தேட வேண்டியதுதான்.

இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஐட்லிங்கில் ஒருமுறையும், 2500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடித்து ஒருமுறையும் ட்ரிம்மைக் குறியுங்கள். ஐட்லிங்கில் 28, ஏற்றினால் 7 என்று இறங்கினால் எங்கோ கள்ளக்காற்று, அதாவது சென்சார் அளக்காத காற்று, ஓட்டை வழியாக உள்ளே இழுபடுகிறது. ஓட்டையின் அளவு மாறுவதில்லை. ஐட்லிங்கில் உள்ளே போகும் காற்றே குறைவு என்பதால் ஓட்டைவழிக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரிகிறது, திராட்டில் திறந்ததும் அது கரைந்துவிடுகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் அரை மணி நேரம் நிற்கும்போது விளக்கு எரிந்து, வெளிவட்டச் சாலையில் வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடுவது இதனால்தான். நேர்மாறாக, ஐட்லிங்கில் 4, மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது 20 என்றால் பெட்ரோல் போதவில்லை, அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் அதைக் குறைத்துச் சொல்கிறது.

கள்ளக்காற்று என்றால் முதலில் ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். இன்ஜின் அடிப்பாகத்து ஆவியை மீண்டும் உள்ளே இழுக்கும் பிசிவி ஹோஸ் மேலிருந்து பார்க்கப் புதிது போலவே இருக்கும். அடிப்பக்க வளைவை விரலால் மடக்கினால் வெடிப்பு வாய் திறக்கும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்கரையை ஒட்டி நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று இரும்புக் கிளிப்புகளை அரித்து, பிடிமானம் தளர்ந்துபோகும். தெருவில் நிறுத்தும் வண்டிகளில் எலியும் பெருச்சாளியும் மெல்லிய வாக்யூம் ஹோஸைக் கடித்துவைக்கும். ஹோஸ் மீது பல்தடம் தெரிந்தால் பக்கத்து வயர்களையும் தடவிப் பாருங்கள்.

பிரேக் பூஸ்டரையும் விடக்கூடாது. பெடலை மிதித்துப் பிடித்ததும் ட்ரிம் எகிறினாலோ உஸ்ஸென்று சத்தம் வந்தாலோ லீக் அங்கேதான். பெட்ரோல் ஆவியைச் சேர்த்துவைக்கும் கேனிஸ்டரிலிருந்து அதை இன்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வையும் பாருங்கள். அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டு, கேனிஸ்டர் பக்கத்து ஹோஸை எடுத்து, இன்ஜின் ஓடும்போது வால்வின் வாயில் விரல் வையுங்கள். கரன்ட் இல்லாதபோது அது மூடியிருக்க வேண்டும். உறிஞ்சினால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது. சூடான இன்ஜின் மேல் கார்புரேட்டர் கிளீனரை அடித்து லீக் தேடும் வழக்கத்தை நிறுத்துங்கள், தீப்பிடிக்கும். ஸ்மோக் டெஸ்ட் மெஷின் உள்ள இடத்தில், 1 பிஎஸ்ஐக்கு மேல் போகாத அழுத்தத்தில் புகை ஏற்றினால் சில நிமிடங்களில் ஓட்டை தெரிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு. பல சின்ன கார்களில் மாஃப் கிடையாது, இன்டேக் மேனிஃபோல்டில், அதாவது காற்று இன்ஜினுக்குப் போகும் குழாயில், அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான். கள்ளக்காற்று நுழைந்தால் மேனிஃபோல்டு அழுத்தம் கூடுவதை மேப் பார்த்துவிடும், ஈசியூ பெட்ரோலையும் சேர்த்துக் கொடுத்துவிடும். ட்ரிம் பெரிதாக ஏறாமல் ஐட்லிங் ஏறி நிற்கும். அந்த வண்டியில் 0171 வந்தால் பெட்ரோல் அழுத்தத்தையும் எக்ஸாஸ்ட் லீக்கையும் முதலில் பாருங்கள். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கட் விட்டிருந்தால் புகைத் துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே இழுபடும், கலவை சரியாக இருந்தாலும் சென்சார் லீன் என்றே காட்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் அடங்கினால் சந்தேகம் அங்கேதான்.

மாஃப் உள்ள வண்டி என்றால் அதன் மெல்லிய கம்பியில் தூசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். எண்ணூர், மணலிச் சாலைத் தூசியில் ஏர் ஃபில்டர் பெட்டியின் ஒரு கிளிப் சரியாக மாட்டப்படாவிட்டாலே போதும். 1.2 லிட்டர் இன்ஜின் சூடான ஐட்லிங்கில் நொடிக்கு 2 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். மாஃப் கிளீனர் மட்டுமே அடியுங்கள், துணியோ பிரஷ்ஷோ படக்கூடாது. காய்ந்தபின் மாட்டுங்கள்.

பெட்ரோல் அழுத்தத்தைக் கேஜ் போட்டுத்தான் சொல்ல முடியும். போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெரும்பாலும் 3 முதல் 4 பார், உங்கள் மாடலின் எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கித்தான் குளிர்கிறது. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டி, இருநூறு இருநூறாகப் போடும் வண்டிகளில் பம்ப் சீக்கிரம் தளர்கிறது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை போல மழையில் தண்ணீர் தேங்கும் இடங்களில் நின்ற வண்டி என்றால், டேங்கின் அடியிலிருந்து அரை லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். கீழே தனி அடுக்கு பிரிந்தால் டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் மேல் பழி போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் இ20-க்குக் காற்றின் பங்கு சுமார் 13.5 தான். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு அமைத்த பழைய வண்டியில் ட்ரிம் 8, 9 வரை ஏறும். அது மட்டும் கோடு போடாது. ஏற்கெனவே 17-ல் இருந்த சின்ன லீக்கோடு சேர்ந்தால் எல்லையைத் தாண்டிவிடும். வெளியில் சிஎன்ஜி கிட் மாட்டிய டாக்ஸிகளில் வேறு சிக்கல்: டியூனிங் சரியில்லாத கேஸில் ஓடும்போது ஈசியூ கற்றுக்கொண்ட ட்ரிம் பெட்ரோலுக்கும் தொடரும். முதலில் பெட்ரோலிலேயே இரண்டு நாள் ஓட்டி எண்ணைப் பாருங்கள்.

விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி ஒர்க்‌ஷாப் போகலாம். மினுக்கினால் மிஸ்ஸிங் ஆகிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை; எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டில் போய் எரிந்து அதை உருக்கிவிடும், ஓரங்கட்டுங்கள். வேலை முடிந்ததும் கோடை அழித்து, ட்ராஃபிக்கிலும் ஓப்பன் ரோட்டிலுமாக 30 கிலோமீட்டர் ஓட்டி, அதே இரண்டு இடங்களில் ட்ரிம்மை மறுபடி குறித்து வாங்குங்கள். பில்லின் பின்பக்கத்திலேயே எழுதித் தரச் சொல்லலாம்.