செதில்: சீவுவதா, வேய்வதா?

செதில் என்றதும் இந்தக் கரையோரத்தில் எவருக்கும் முதலில் மீன்தான் நினைவுக்கு வரும். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலோ கடலூர் முதுநகரிலோ ஒரு கொடுவாவை வாங்கி, "செதில் எடுத்துக் குடுங்கக்கா" என்றால், கத்தி வால்பக்கமிருந்து தலையை நோக்கி எதிர்த்து ஓடும். செதில்கள் ஒவ்வொன்றாய்ப் பிரிந்து தெறிக்கும். பாம்பும் முதலையும் டிராகனும் வரையப் பழகும் பிள்ளைகள் இந்த மீன் நினைவோடுதான் பென்சிலை எடுக்கிறார்கள். உடம்பை வரைந்து முடித்துவிட்டு, அதன்மேல் அரைவட்டம் அரைவட்டமாக ஒட்டிக்கொண்டே போகிறார்கள். படம் கெடுவது அங்கேதான். சொல்லைச் சரியாகப் பிடித்தால் கையும் சரியாக ஓடும் என்பதால், முதலில் சொல்லைப் பார்ப்போம்.

செதில் என்பதற்குச் செதிள் என்ற வடிவமும் உண்டு. மீனின் மேல்தகடு, மரப்பட்டை, மரத்திலிருந்து பெயர்ந்த சிராய் எல்லாவற்றுக்கும் அது வழங்கியிருக்கிறது. செதுக்கு என்ற வினையோடு உறவுள்ள சொல். மேலிருந்து சீவி எடுக்கக்கூடிய மெல்லிய தகடு என்பதே அதன் அடிக்கருத்து. பனிக்காலத்தில் தோல் "செதில் செதிலா உரியுது" என்கிறோமே, அதிலும் இருப்பது அதே கருத்துத்தான். மலையாளத்தில் செதும்பல், தெலுங்கில் பொலுசு. செவுளைச் செதில் என்று மாற்றிச் சொல்லும் பழக்கமும் கேட்கிறது. செவுள் மீன் மூச்சுவிடும் உறுப்பு. செதில் உடம்பின் மேலே இருப்பது. இரண்டையும் குழப்பக் கூடாது.

ஓவிய வகுப்பில் 'ஸ்கேல்' என்ற சொல் வேறொரு குழப்பத்தைக் கொண்டுவருகிறது. கோடு போடும் அடிக்கோலும் ஸ்கேல், எடை பார்க்கும் தராசும் ஸ்கேல், பாம்பின் மேல் இருப்பதும் ஸ்கேல். ஆங்கிலத்தில் இவை மூன்றும் ஓசையில் ஒன்றே தவிர, பிறப்பில் வேறு வேறு. அளவுகோல் லத்தீனில் ஏணியைக் குறிக்கும் ஸ்காலா என்ற சொல்லிலிருந்து வந்தது. தராசு, பழைய நார்ஸ் மொழியில் கிண்ணத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. செதிலைக் குறிப்பது பழைய பிரெஞ்சின் 'எஸ்கால்' வழியே வந்தது. அதற்கு உமி, ஓடு என்று பொருள். பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிக்காரர் செதிலை இன்றும் 'எக்காய்' என்றுதான் சொல்வார். அதுவும் இதே குடும்பத்துச் சொல். இந்தக் குடும்பத்தில் பழைய உறுப்பினர் கோத்திய மொழியின் ஸ்கல்யா. அதன் பொருள் கூரை ஓடு.

தமிழுக்கு இது புதிதல்ல. ஆமைக்கும் ஓடு, தேங்காய்க்கும் ஓடு, வீட்டுக்கும் ஓடு. ஒன்றன்மேல் ஒன்று படியும் செதிலுக்கு விலங்கியலார் வைத்திருக்கும் பெயரும் கூரை ஓட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லான இம்பிரெக்ஸிலிருந்து வந்ததே. ஓட்டை நாம் ஒட்டுவதில்லை, பதிப்பதில்லை, வேய்கிறோம். ஆகவே படிந்த செதிலுக்கு 'வேய்ந்த செதில்' என்பதே பொருத்தமான பெயர். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக இருப்பது 'பாவிய செதில்': தளத்தில் கல் பாவுவது போல. வரைகிறவருக்கு முதலில் தெரிய வேண்டிய வேறுபாடு இது ஒன்றுதான். பாம்பும் ஓணானும் அரணையும் வேய்ந்தவை. முதலையும் உடும்பும் பாவியவை.

மீன் செதில் உள்தோலில் தனித்தனித் தகடாக வளர்கிறது. அதனால்தான் சீவினால் வந்துவிடுகிறது. ஊர்வனவற்றின் செதில் அப்படியல்ல. அது மேல்தோலே தடித்து மடிந்தது. நம் நகம் எந்தப் பொருளோ அந்தக் கெரட்டின் வகைதான். ஒரே விரிப்பு, தடித்த இடம் செதில், இரண்டு செதிலுக்கு நடுவே மெல்லிய மடிப்பு. பாம்பு சட்டை உரிக்கும்போது ஒரே உறையாகக் கழல்வதற்குக் காரணம் இதுவே. மெல்லிய துணிக்கு 'அரவுரி'யை உவமை சொன்ன சங்கப் புலவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இதிலிருந்து ஓவியத்துக்கு இரண்டு விதிகள் பிறக்கின்றன. செதில் நீளாது, நடுவிலுள்ள மெல்லிய தோல்தான் விரியும். இரை விழுங்கிய பாம்பின் வயிற்றில், அல்லது நல்ல பாம்பு படம் எடுத்திருக்கும் கழுத்தில், செதிலைப் பெரிதாக்கி வரைவது தவறு. செதில் அதே அளவில் இருக்கும். இடையில் தோல் தெரியும். இரண்டாவது, பாம்பு வளர்ந்தாலும் செதிலின் எண்ணிக்கை கூடாது. குட்டிப் பாம்பு வரைகிறோம் என்று வரிசைகளைக் குறைக்கக் கூடாது.

இனி வகைப் பெயர்கள். நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் செதில் வழவழப்பானது. கட்டுவிரியனின் முதுகு நடுவரிசை மட்டும் பெரிய அறுகோணங்களாக இருக்கும். அதை விட்டுவிட்டால் அது கட்டுவிரியன் ஆகாது. கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் ஒவ்வொரு செதிலின் நடுவிலும் நீளவாக்கில் ஒரு மேடு ஓடும். விலங்கியலில் அதற்குப் பெயர் கரினா: லத்தீனில் படகின் அடிக்கட்டை. சுருட்டை விரியனின் அறிவியல் பெயரில் வரும் கரினாட்டஸ் இதுதான். படகு கட்டுகிறவர்களிடம் அந்தக் கட்டைக்கு ஏரா என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. பாடநூல்களில் 'முகட்டுச் செதில்' போன்று புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. ஏராச் செதில் போதும். கரையில் கவிழ்த்துப் போட்ட படகைப் பாருங்கள்: நடுவில் ஏரா, அதன் ஒரு சரிவில் வெயில், மறு சரிவில் நிழல். ஒரு செதிலுக்கு வேண்டிய ஒளிநிழல் அவ்வளவும் அதில் இருக்கிறது.

வீட்டுப் பல்லியின் மேல் பொடி மணிகள் தூவினாற்போல் இருப்பது மணிச் செதில். பாம்பின் அடியில் குறுக்கே கிடக்கும் அகலமானவை வயிற்றுப் பட்டைகள். கடல் பாம்பில் பெரும்பாலும் இந்தப் பட்டை சிறுத்துப் போயிருக்கும். நிலத்தில் ஊர்கிற தேவை இல்லாததே காரணம். முதலையின் முதுகில் இருப்பவை எலும்புத் தட்டுகள்: தோலுக்குள் எலும்பு, மேலே கெரட்டின் உறை. ஆங்கிலம் அதற்குக் கேடயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லை எடுத்துக்கொண்டது. நமக்குத் தட்டு என்பதே போதும்.

வரையும் முறைக்கு வருவோம். ஏ4 தாளில் 4 செ.மீ. பருமனுள்ள நல்ல பாம்பின் உடல் ஒன்றைப் பக்கவாட்டில் வரைவதாக வைத்துக்கொள்வோம். 2ஹெச் பென்சிலால், அழுத்தாமல், உடம்பைக் குழாயாக வரைந்து அதன்மேல் 3 செ.மீ.க்கு ஒன்றாக வளையல் கோடுகள் போடுங்கள். வளையல் எந்தப் பக்கம் வளைகிறதோ அதுதான் உடம்பு நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று சொல்லும். இதைத் தவிர்த்துவிட்டு நேரே செதிலுக்குப் போனால், பின்னால் எவ்வளவு நிழல் போட்டாலும் பாய் போலத் தட்டையாகத்தான் கிடக்கும்.

அடுத்தது வலை. உடம்பைச் சுற்றி ஏறும் சாய்கோடுகள் ஒரு தொகுதி, எதிர்த்திசையில் ஏறுவன ஒரு தொகுதி. இரண்டும் வெட்டும் இடங்களில் வலைக்கண்கள் கிடைக்கும். ஒரு டிரம்மின் மேல் மீன்வலையை இழுத்துப் போர்த்தினால் எப்படித் தெரியுமோ அப்படி இருக்க வேண்டும்: நம்மை நேராகப் பார்க்கும் நடுப்பகுதியில் கண் முழுதாக விரிந்திருக்கும், மேல் விளிம்பை நெருங்க நெருங்க ஒடுங்கிக் கோடாகிவிடும். நல்ல பாம்பின் நடு உடம்பில் முதுகுச் செதில்கள் பொதுவாக 21 அல்லது 23 வரிசை. பக்கத்திலிருந்து பார்த்தால் ஏறக்குறைய 11 வரிசை கண்ணில் படும். 4 செ.மீ. உடம்பில், நடு வரிசைகளுக்கு 4 முதல் 5 மி.மீ. அகலம், முதுகு விளிம்பில் உள்ளவற்றுக்கு 1 மி.மீ.க்கும் குறைவு. எல்லா வரிசைக்கும் சமமாக 3 மி.மீ. பிரித்துக் கொடுப்பதுதான் மிகப் பரவலான தவறு. வயிற்றை ஒட்டிய கடைசி வரிசை மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு வயிற்றுப் பட்டைக்கு ஒரு குறுக்கு வரிசை என்ற கணக்கு பெரும்பாலான பாம்புகளில் பொருந்தும். அதனால் பட்டைகளை முதலில் குறித்துக்கொண்டு அவற்றிலிருந்து சாய்கோட்டை ஏற்றினால் வலை தடுமாறாது.

வலை முடிந்ததும் வேய்தல். புதுச்சேரி வைசியாள் வீதியின் ஓட்டு வீடுகளைக் கவனித்தால் திசை மறக்காது: முகட்டுப் பக்கத்து ஓடு இறவாரப் பக்கத்து ஓட்டின்மேல் ஏறியிருக்கும். ஊர்வனவுக்குத் தலை முகடு, வால் இறவாரம். செதிலின் திறந்த முனை எப்போதும் வாலைப் பார்த்திருக்கும். மாறிப்போனால் பாம்பு முன்னே ஊரும்போது ஒவ்வொரு செதிலும் தரையில் மாட்டிக்கொள்ளும். காரணம் தெரியாத பார்வையாளருக்கும் ஏதோ உறுத்தும். கொத்தனார் இறவாரத்திலிருந்து மேலே வேய்ந்துகொண்டு போவார். தாளில் அதற்கு நேர்மாறு. மூடுகிற செதிலை முழுதாக வரைந்துவிட்டு, மூடப்படுவதை அதன் அடியில் செருக வேண்டும். ஆகவே தலையிலிருந்து தொடங்குங்கள். வலைக்கண்ணின் பின்முனையை மட்டும் உருட்டினால் போதும். முன்முனை முந்தைய செதிலுக்குள் மறைந்திருக்கிறது, அதை வரையவே கூடாது. ஓணானில் ஒரு சிறு விலக்கு: விலாச் செதிலின் முனை பின்னோக்கி மட்டுமல்ல, சற்று மேல்நோக்கியும் இருக்கும்.

நிழலை முதலில் உடம்புக்குப் போடுங்கள், பிறகு செதிலுக்கு. 2பியால் குழாய் முழுவதற்கும் வெளிச்சம், நடுத்தொனி, இருள், தரையிலிருந்து எதிரொளிக்கும் மங்கல் வெளிச்சம் நான்கும் வந்த பின்னரே செதிலைத் தொட வேண்டும். அப்போதும் எல்லாச் செதிலையும் தொட வேண்டாம். வெளிச்சம் உச்சமாக விழும் இடத்தில் கோடுகள் கரைந்துவிடும். ஆழ்ந்த இருளிலும் கரைந்துவிடும். செதில் தெளிவாகத் தெரியும் இடம் இவற்றுக்கு இடைப்பட்ட நடுத்தொனிப் பட்டை மட்டுமே. எல்லாச் செதிலுக்கும் ஒரே அழுத்தத்தில் கறுப்புக் கோடு சுற்றினால் அன்னாசிப் பழம் கிடைக்கும், பாம்பு கிடைக்காது. கோடு தேவைப்படும் ஒரே இடம் திறந்த பின்முனைக்கு அடியில், அடுத்த செதிலின்மேல் விழும் நிழல். அதை 4பியால், வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் தடித்தும் வெளிச்சப் பக்கம் மெலிந்தும் வையுங்கள்.

பளபளப்பு வகையைப் பொறுத்தது. வழவழப்பான செதிலில் ஒளி, செதிலைப் பொருட்படுத்தாமல் ஒரே நீண்ட பட்டையாக ஓடும். மடிப்பில் மட்டும் மெல்ல உடையும். ஏராச் செதிலில் அப்படி ஓடாது. ஒவ்வோர் ஏராவிலும் ஒரு சிறு கோடாகச் சிதறும், உடம்பு மங்கலாகவே இருக்கும். நல்ல பாம்பின் பளபளப்பை விரியனுக்குப் போட்டால் விரியன் நனைந்தது போலத் தெரியும்.

பாவிய செதிலுக்குக் கடலூர் மாவட்டத்தில் கிடைக்கும் மாதிரியைப் போல் வேறில்லை: பண்ருட்டி பலா. சிறிய காய் ஒன்றை மேசைமேல் வைத்து ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விளக்கைக் காட்டுங்கள். முள் ஒவ்வொன்றும் பலகோண அடியில் நிற்கும். நடுவில் நேராக நம்மைப் பார்க்கும். விளிம்பில் ஒன்றையொன்று மறைத்துப் பக்கவாட்டு உருவம் காட்டும். முதலை முதுகுத் தட்டை வரையத் தெரியாதவர்கள் இதை நான்கு முறை வரைந்தால் போதும். ஆனால் முதலையின் முகத்துக்குப் பலா உதவாது. முகத்திலும் தாடையிலும் இருப்பவை ஒழுங்கான செதில்களே அல்ல. தோல் விரைத்து வெடித்த கோடுகள் அவை என்று 2013இல் ஜெனீவா ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெடிப்பைவிடத் தோல் நெருக்குண்டு மடிவதே காரணம் என்று 2024இல் திருத்தினார்கள். எதுவானாலும் வரைகிறவருக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுதான்: அங்கே கட்டம் வேண்டாம். கோடுகள் ஒழுங்கற்ற பலகோணங்களாகட்டும். சில பாதியிலேயே நிற்கட்டும். இடக்கன்னமும் வலக்கன்னமும் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடத்தில் கரையேறிக் கிடக்கும் முதலைகளைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். படத்தைத் தொலைவிலிருந்து ஜூம் வைத்தே எடுங்கள், கரைக்குக் கிட்டே போக வேண்டாம்.

கடைசியாக டிராகன். கிரேக்க டிராகோன் பெரும் பாம்பைக் குறித்த சொல். தமிழில் யாளி என்று பெயர்க்கிறவர்கள் உண்டு, அது ஒத்துவராது. யாளி சிங்க முகம் கொண்டது, செதில் அதன் அடையாளம் அல்ல. டிராகன் என்றே எழுதுவதில் குறை ஒன்றும் இல்லை. சீன மரபு டிராகனுக்குக் கெண்டை மீனின் செதிலைக் கொடுக்கிறது. அங்கே மட்டும் மீன் செதில் வரைவது சரி. ஐரோப்பிய டிராகனை நம்பும்படி வரைய, ஒரே செதிலை உடம்பெங்கும் இழுக்காமல் இடத்துக்கு இடம் மாற்ற வேண்டும். அடியில் பாம்பின் பட்டை, முதுகில் முதலைத் தட்டு, விலாவில் ஏராச் செதில், தாடையில் ஒழுங்கற்ற பலகோணம். முழங்கை மடிப்பு, அக்குள், கண்ணோரம் எல்லாம் மணிச் செதில்: மடங்க வேண்டிய இடத்தில் பெரிய தட்டு இருந்தால் கால் மடங்காது. சிறகுச் சவ்வில் செதிலே வேண்டாம். விரலெலும்பின்மேல் மட்டும் சிறு வரிசை ஒன்று ஓடட்டும். 10 மி.மீ. தட்டிலிருந்து 2 மி.மீ. மணிக்கு ஒரேயடியாகத் தாவினால் இரண்டு படங்களை வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். நான்கைந்து வரிசைகளில் படிப்படியாகக் குறையுங்கள்.

அளவில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பிரம்மாண்டமாகத் தெரியட்டும் என்று பெரிய பெரிய செதிலாகப் போடுகிறார்கள். கடைசியில் அது பல்லி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. 3 மீட்டர் வரை வளரும் கொமோடோ உடும்பின் தோலைப் பாருங்கள்: மணி மணியாகப் பொடிச் செதில்தான். அந்த மிருகத்தை ஏ4 தாளில் முழுதாக வரைந்தால் விலாச் செதில் ஒன்றுகூடத் தனியாகக் கண்ணில் படாது. சொரசொரப்பாக மட்டும் தெரியும். அதைவிடப் பத்து மடங்கு பெரிய டிராகனுக்குக் கழுத்திலும் தோளிலும் சில நூறு செதில்களை வரைந்துவிட்டு, மற்ற இடத்தைத் தொனியாலும் விளிம்பில் சிறு பற்களாலும் காட்டுங்கள்.