நெட்வொர்க் டிஸ்க்கில் ஓர் ஓஎஸ் கட்டுவது எப்படி?

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மூலநிரல் முழுவதும் ஒரே இடத்தில் கிடைக்கிறது. 'மேக் பில்ட்வேர்ல்ட்' என்று தட்டினால், தேவைப்பட்டால், மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் கம்பைலரையே முதலில் கட்டிக்கொண்டு, சி லைப்ரரி, ஷெல் என்று எல்லாவற்றையும் வரிசையாகக் கட்டும். பழைய மெஷின் என்றால் ராத்திரி முழுக்க ஓடும்.

பத்து மெஷின் இருந்தால் பத்திலும் இதை ஓட்டுவது வெட்டி வேலை. வலுவான ஒன்றில் கட்டி, மூலநிரல் இருக்கும் எஸ்ஆர்சி, கட்டியவை சேரும் ஓபிஜே ஆகிய இரு டைரக்டரிகளையும் என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் முறை) வழியாகப் பகிர்ந்தால் போதும். மற்றவை அவற்றை மவுன்ட் செய்து (சொந்த டிஸ்க் போல இணைத்து) இன்ஸ்டால் மட்டும் செய்துகொள்ளும். பாதை மட்டும் எல்லா மெஷினிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓபிஜேவுக்குள் மூலநிரலின் முழுப் பாதையும் பதிந்திருக்கிறது.

கட்டும் வேலையையே நெட்வொர்க் டிஸ்க்கில் ஓட்டினால்? மெதுவாகத்தான் இருக்கும். உடனே எல்லோரும் கேபிளைச் சந்தேகிப்பார்கள், பாவம் அது. ஃபைல்கள் சிறியவைதான், கேள்விகள்தான் ஏராளம். 'இந்த ஹெடர் ஃபைல் இருக்கிறதா? கடைசியாக எப்போது மாறியது?' என்று பல்லாயிரம் ஃபைல்களுக்குக் கேட்டு, ஒவ்வொரு முறையும் சர்வரின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் கிளையன்ட் (சர்வரிடம் கேட்கும் மெஷின்) பதிலை 3 முதல் 60 விநாடி வரை நினைவில் வைத்துக்கொள்கிறது. எழுதுவதிலும் தாமதம் உண்டு. 1980களின் என்எஃப்எஸ் இரண்டாம் பதிப்பில், டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே சர்வர் 'சரி' சொல்ல வேண்டும். 1995இல் ஆவணமான மூன்றாம் பதிப்புதான் முதலில் வாங்கிக்கொண்டு பிறகு மொத்தமாக உறுதிசெய்ய வழிவிட்டது.

வேகம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கடிகாரம் பிசகினால்தான் வம்பு. 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய 'மேக்' கருவி ஃபைலுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு ஃபைல்களில் எது புதியது என்று நேரத்தை மட்டுமே ஒப்பிடும். மூலநிரல் சர்வரிலும், ஓபிஜே உங்கள் சொந்த டிஸ்க்கிலும் இருக்கட்டும். உங்கள் கடிகாரம் 10 நிமிடம் முந்தி ஓடுகிறது. சரியான நேரம் 10:00க்குக் கம்பைல் செய்தால், கிடைத்த ஃபைலில் 10:10 என்று பதியும். 10:05க்கு சர்வரில் ஒரு வரியைத் திருத்துகிறீர்கள். மேக் பார்க்கிறது: 10:10 புதியது, 10:05 பழையது, வேலை இல்லை. திருத்தம் சேராமலேயே 'வெற்றி' என்று முடியும். கடிகாரம் பிந்தி ஓடினால், கட்டியதையே திரும்பக் கட்டும்; எரிச்சல்தான், ஆனால் ஆபத்தில்லை.

இதன் இன்னொரு முகம், கட்டியதை நிறுவும் 'இன்ஸ்டால்வேர்ல்ட்' ஓடும்போது தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் கட்டளைகளையே மாற்றி வைக்கும் வேலை என்பதால், தேவையான சில கருவிகளை மட்டும் தற்காலிக டைரக்டரியில் நகலெடுத்து அவற்றை வைத்தே அது நடக்கிறது. அங்கே கம்பைலர் கிடையாது. நேரக் குழப்பத்தில் ஏதோ ஒரு ஃபைல் பழசாகிவிட்டது என்று மேக் நினைத்துவிட்டால், 'சிசி காணோம்' (சிசி என்பது கம்பைலர்) என்று பாதியில் நின்றுவிடும். அப்போது கம்பைலரைத் தேடி அலையாமல் இரு மெஷினிலும் 'டேட்' கட்டளையை அடித்து நேரத்தைப் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் என்டிபியால் (நெட்வொர்க் வழியே கடிகாரத்தை ஒத்திசைக்கும் முறை) நேரத்தைச் சரிசெய்து, ஓபிஜேவைக் காலிசெய்துவிட்டு மறுபடி கட்டுங்கள்.