வயிறு வீங்குவதெல்லாம் வாயு அல்ல

வயிறு உப்புசம் என்று வருபவர்களில் பெரும்பாலோர் ஓமத் தண்ணீர், பெருங்காயம், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ‘கேஸ்’ மாத்திரை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் மருத்துவரிடம் வருகிறார்கள். பலருக்கு அது உண்மையிலேயே வாயுத் தொந்தரவுதான். ஆனாலும், காலையில் எழுந்ததும் வயிறு எப்படி இருக்கிறது என்பதையே நான் முதலில் கேட்பேன்.

காலையில் தட்டையாக இருந்து, சாப்பிடச் சாப்பிட உப்பி, இரவில் பாவாடை நாடாவைத் தளர்த்தும் அளவுக்குப் போய், மலமோ வாயுவோ பிரிந்ததும் தணிகிற வயிறு பெரும்பாலும் குடலின் இயக்கத்தைச் சார்ந்தது. மலச்சிக்கல், அவசரமாக விழுங்கும் பழக்கம், பருப்பு, கொண்டைக்கடலை ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள். வயது வந்தோர் பலருக்குப் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுவதால் பால் ஒத்துக்கொள்ளாது, தயிர் ஒத்துக்கொள்ளும். சர்க்கரை நோய்க்கு வோக்ளிபோஸ், அகார்போஸ் சாப்பிடுபவர்களுக்கு, செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலில் நொதித்து வாயுவாகிறது; மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

காலையிலும் குறையாமல், வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும் வயிறுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. கையும் தொடையும் மெலிய, எடை மட்டும் ஏறும். தொப்புள் வெளியே தள்ளும். கணுக்காலை அழுத்தினால் குழி விழும். இப்படி வருபவரை மல்லாந்து படுக்கவைத்து, வயிற்றில் பதித்த விரலின்மேல் தட்டிக்கொண்டே போனால், நடுவில் கணீரென்று கேட்கும் ஒலி பக்கவாட்டில் மந்தமாகிவிடும். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிச் சற்றுப் பொறுத்து மீண்டும் தட்டினால், மேலே வந்த பக்கத்தில் மந்தம் மறைந்திருக்கும், ஏனென்றால் வயிற்றுக்குள் குடலைச் சுற்றிக் கோத்திருக்கும் நீர் கீழ்ப்பக்கம் இறங்கிவிட்டது. இப்படிக் கையால் கண்டுபிடிக்க ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீராவது சேர்ந்திருக்க வேண்டும். ஸ்கேனில் 100 மில்லி அளவிலேயே தெரிந்துவிடும் என்பதால், சந்தேகம் வந்தால் காத்திருக்கக் கூடாது.

மகோதரம் என்று நம் பெரியவர்கள் சொன்ன இந்த நிலைக்கு முதன்மைக் காரணம் கல்லீரல் சுருக்கம். மதுவால் மட்டுமே அது வரும் என்று எண்ணி, குடிக்காதவர்கள் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள்; ஹெபடைட்டிஸ் பி, சி, சர்க்கரை நோயோடு சேர்ந்துவரும் கொழுப்புக் கல்லீரல் ஆகியவற்றாலும் அது வரும். வயிற்றுக் காசநோய், இதயச் செயலிழப்பு, புற்றுநோய் ஆகியவற்றாலும் நீர் கோக்கலாம். குறிப்பாக, 50 வயதைத் தாண்டிய பெண்களுக்குப் புதிதாகத் தோன்றி விடாமல் தொடரும் உப்புசத்தோடு, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவதும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் சேர்ந்தால், சினைப்பைப் புற்றுநோய்க்கான பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

நீரைக் குத்தி எடுத்தால் மறுபடியும் ஊறும் என்று அஞ்சிப் பலர் மறுக்கிறார்கள். நீர் ஊறுவது நோயால்தானே தவிர ஊசியால் அல்ல. சிரிஞ்சில் எடுக்கும் சிறிதளவு நீரே காரணம் கல்லீரலா, காசநோயா, புற்றுநோயா என்பதைப் பெருமளவு காட்டிவிடும். கல்லீரலால் நீர் கோத்தவர்கள் ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை விலக்கி, நாளொன்றுக்கு மொத்த உப்பை 5 கிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் இவர்களுடைய சிறுநீரகத்தைப் பாதிக்கும். காய்ச்சல், வயிற்றுவலி, மனக்குழப்பம், இரத்த வாந்தி, கறுத்த மலம் இவற்றில் எது வந்தாலும், விடியட்டும் என்று பாராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.