பந்து விழாத நாளுக்கும் சேர்த்து ஓர் அணி

"சீசன் முழுக்க இரண்டே ஆட்டங்களில் தோற்ற வர்ஜீனியா பல்கலைக்கழகம், 2018-இல் 16-ஆம் தரவரிசை அணியிடம் 74-54 என்று மண்ணைக் கவ்வியது எப்படி? அப்படித் தோற்காத அணியைத் திட்டமிட்டு அமைக்க முடியுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 16 என்பது போட்டியின் ஒவ்வொரு பிரிவிலும் கடைசித் தரவரிசை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில், கோப்பைப் போட்டி நடக்கும் ஒவ்வொரு மார்ச் மாதமும் எழும் கேள்விதான் இது. தோல்வியே வராத அணியை யாராலும் அமைக்க முடியாது. ஆனால் குறி தப்பும் நாளிலும் தாக்குப்பிடிக்கும் அணியை அமைக்கலாம். அதற்குப் பள்ளிக் கணக்கே போதும்.

கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. நடத்தும் அந்த ஆடவர் போட்டியில் 68 அணிகள். தொடக்கச் சுற்று ஆடும் எட்டு அணிகளை விட்டுவிட்டால், கோப்பைக்குத் தேவை தொடர்ந்து 6 வெற்றி. ஒன்றில் தோற்றாலும் வீடுதான். ஒவ்வோர் ஆட்டத்திலும் 80 சதவீத வெற்றி வாய்ப்புள்ள அணிக்குக்கூட ஆறையும் வெல்லும் வாய்ப்பு 0.8-இன் ஆறாம் அடுக்கு, அதாவது 26 சதவீதம்தான். 90 சதவீதம் இருந்தால் 53. கோப்பைக்கு ஏழு ஆட்டத் தொடர் ஆடும் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் ஒரு மோசமான நாளை அடுத்த நாள் சரிக்கட்டலாம். இங்கே அடுத்த நாள் கிடையாது.

அந்த மோசமான நாள் எங்கிருந்து வருகிறது? மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து. 35 சதவீதத் துல்லியம் உள்ள ஓர் அணி ஓர் ஆட்டத்தில் 25 மூன்று புள்ளி வீச்சுகளை எறிகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 8.75 விழும், புள்ளியில் 26. பன்னிரண்டாம் வகுப்பு ஈருறுப்புப் பரவலின்படி திட்டவிலக்கம், 25 × 0.35 × 0.65-இன் வர்க்கமூலம், சுமார் 2.4 வீச்சு. புள்ளியில் 7. அதே 25 வீச்சையும் 52.5 சதவீதத் துல்லியத்தில் இரண்டு புள்ளி வீச்சாக எறிந்தால் சராசரி அதே 26 புள்ளி, திட்டவிலக்கமோ 5 தான். சராசரி ஒன்றாக இருந்தாலும் ஏற்ற இறக்கம் ஒன்றல்ல.

இன்னும் ஒரு படி போனால்தான் இதன் அழகு தெரியும். இந்த 35 சதவீத அணி, திறமையில் துளியும் குறையாமலே, ஏறத்தாழ ஆறில் ஓர் ஆட்டத்தில் 6 அல்லது அதற்கும் குறைவான வீச்சுகளையே உள்ளே போடும். எதிர்பார்த்ததைவிட 8 புள்ளி நஷ்டம். கோப்பைக்கும் ஆறு ஆட்டம்தானே? ஆறில் ஒரு முறையாவது இப்படி நடக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே பயிற்சியாளர் ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியது, "பந்து விழாத நாளில் இவரிடம் வேறென்ன மிச்சம் இருக்கும்?" என்பதுதான்.

முதல் பதில், எதிரணிக் கூடையடியில் எடுக்கும் ரீபவுண்ட், அதாவது தவறித் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது. தவறிய வீச்சின் மதிப்பு பூஜ்ஜியம் என்றுதான் நினைக்கிறோம், அது தவறு. நல்ல அணி தான் தவறவிட்ட வீச்சுகளில் 36 சதவீதத்தை மீண்டும் கைப்பற்றும். அந்த இரண்டாம் வாய்ப்பு சராசரியாக 1.1 புள்ளி தரும் என்று கொண்டால், ஒவ்வொரு தவறிய வீச்சுக்கும் 0.4 புள்ளி மதிப்பு. 24 சதவீதம் மட்டும் எடுக்கும் அணிக்கு 0.26. ஓர் ஆட்டத்தில் 32 வீச்சுகள் தவறினால் இரண்டு அணிகளுக்கும் 4 புள்ளி வித்தியாசம். நன்றாக எறிந்து 25 மட்டுமே தவறிய நாளில் இந்த வித்தியாசம் 3 புள்ளிதான். 38 தவறிய நாளில் 5. குறி தப்பத் தப்ப இந்த வருமானம் தானாகவே கூடும். அணிக்கு எப்போது அதிகம் தேவையோ அப்போது அதிகம் கொடுக்கும் திறமை கூடைப்பந்தில் வேறெதுவும் இல்லை.

2025-இல் கோப்பை வென்ற ஃப்ளோரிடா இதற்கு நல்ல உதாரணம். கான்டன், சின்யெலு, ஹாவ், ஹாண்ட்லாக்டன் என்று 6 அடி 9 அங்குலத்துக்குக் குறையாத நால்வரைப் பயிற்சியாளர் டாட் கோல்டன் மாற்றி மாற்றி இறக்கினார். உயரமானவர்கள் நால்வர் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஐந்து ஃபவுலில் ஆட்டக்காரர் வெளியே. கூடையடியில் நிற்கும் உயரமானவரின் இடமான சென்டருக்கு ஓர் ஆட்டத்தில் 40 நிமிடம் ஆள் வேண்டும். ஒருவரை மட்டும் நம்பினால், முதல் பாதியில் அவர் இரண்டு ஃபவுல் வாங்கியதுமே திட்டம் சிதறிவிடும். 25 நிமிடம் ஒருவர், 15 நிமிடம் இன்னொருவர் என்று பிரிப்பதே சரி. 2023-இல் கனெக்டிகட் இப்படித்தான் சனோகோவுக்குப் பின்னால் 7 அடி 2 அங்குல கிளிங்கனை வைத்திருந்தது. சனோகோ போனதும் 2024-இல் கிளிங்கன் முதல் ஆளானார். இரண்டு வருடமும் கோப்பை.

இரண்டாவது, பந்தைப் பறிகொடுக்காத கைகள். தவறிய வீச்சுக்காவது 0.4 புள்ளி உண்டு, எறியும் முன்பே பந்தைப் பறிகொடுக்கும் டர்ன்ஓவருக்கு அதுவும் இல்லை. எதிரணிக்கு ஓடிப்போய் எளிதாகப் போடும் வாய்ப்பையும் கொடுத்துவிடும். பர்டூ பல்கலைக்கழகம் இதை வலியோடு கற்றது. 2023-இல் 7 அடி 4 அங்குல ஸாக் ஈடி இருந்தும், ஃபேர்லி டிக்கின்சன் என்ற 16-ஆம் தரவரிசை அணியிடம் 63-58 என்று தோற்றது. 26 மூன்று புள்ளி வீச்சில் 5 தான் விழுந்தன. அது மோசமான நாளின் பங்கு. முழு மைதானமும் துரத்தி நெருக்கிய குட்டையான அணியிடம், பந்தைக் கொண்டுபோகும் கார்டுகளான முதலாண்டு மாணவர்கள் இருவர் திணறியது அணி அமைப்பின் பங்கு. பயிற்சியாளர் மேட் பெயின்டர் அணியைக் கலைக்கவில்லை. அதே இருவரை வைத்துக்கொண்டு, சதர்ன் இல்லினாயிலிருந்து லான்ஸ் ஜோன்ஸ் என்ற மூன்றாவது கார்டைச் சேர்த்தார். அடுத்த ஆண்டு பர்டூ இறுதிப்போட்டியில் நின்றது.

அந்த இறுதிப்போட்டியில் கனெக்டிகட் செய்ததையும் சொல்லியாக வேண்டும். ஈடியைத் தடுக்க இரண்டு பேரை அனுப்பவில்லை; பெரும்பாலும் ஒருவரையே விட்டது. ஈடி 37 புள்ளி எடுத்தார். மற்றவர்கள் எறிபவர்களோடு ஒட்டிக்கொண்டே இருந்ததால், சீசன் முழுக்கச் சுமார் 40 சதவீதத் துல்லியத்தோடு மூன்று புள்ளி எறிந்த பர்டூவுக்கு அன்று கிடைத்ததே 7 வீச்சு, விழுந்தது ஒன்று. 75-60. எதிரணியின் மூன்று புள்ளிச் சதவீதம் பெரும்பாலும் தற்காப்பின் கையில் இல்லை, எத்தனை முறை எறிகிறது என்பதுதான் கையில் இருக்கிறது.

சரி, ஆள் எடுப்பது எப்படி? கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தபின் அணியின் பாதி ஒரே வசந்தத்தில் மாறுகிறது, தவறுகளும் அங்கேதான். மிகப் பொதுவான தவறு, சின்ன மாதிரியை நம்புவது. 60 வீச்சில் 24 போட்ட ஒருவர் "40 சதவீதக்காரர்" அல்ல. 60 வீச்சுக்குத் திட்டவிலக்கமே 6 சதவீதம். ஒரு கைக்கணக்கு: எல்லோருடைய பதிவோடும் 200 வீச்சில் 68 என்ற சராசரி ஆட்டத்தைச் சேர்த்துவிடுங்கள். 24/60 என்பது 92/260 ஆகி 35 சதவீதத்துக்கு இறங்கும். 500-இல் 200 போட்டவர் 268/700, அதாவது 38-இல் நிற்பார். இரண்டாமவரை எடுங்கள். வீச்சுகள் குறைவாக இருந்தால், ஃபவுலுக்காகத் தடுப்பாரின்றி எறியும் ஃப்ரீ த்ரோ சதவீதத்தைப் பாருங்கள். 60 சதவீத ஃப்ரீ த்ரோக்காரர் தூரத்திலிருந்து 40 சதவீதம் போட்டிருந்தால் சந்தேகப்படுவதே நல்லது.

அடுத்த தவறு, பந்து ஒன்றுதான் என்பதை மறப்பது. களத்தில் ஐவர், பந்து அணியின் கைக்கு வரும் வாய்ப்புகளை முடிக்கும் பங்கு ஐவருக்கும் சேர்த்து 100 சதவீதம். சின்னக் கல்லூரிகளில் ஆளுக்கு 28 சதவீதம் முடித்த ஐந்து நட்சத்திரங்களைச் சேர்த்தால் 140. யாரோ ஒதுங்கித்தான் ஆகவேண்டும். பந்து குறைவாக வந்தாலும் தற்காப்பிலும் ரீபவுண்டிலும் தேயாதவரே பெரிய அணிக்கு ஏற்றவர். ஐயோனாவிலிருந்து வந்த வால்டர் கிளேட்டன், ஃப்ளோரிடா அட்லாண்டிக்கை 2023-இல் கடைசி நால்வர் சுற்றுவரை கொண்டுபோனவர்களில் ஒருவரான அலைஜா மார்ட்டின், பெல்மான்டிலிருந்து வந்த வில் ரிச்சர்ட் ஆகிய மூவரையும் ஃப்ளோரிடா இப்படித்தான் பொருத்தியது. ஹியூஸ்டனுக்கு எதிரான இறுதிப்போட்டியின் முதல் பாதியில் கிளேட்டன் எடுத்த புள்ளி பூஜ்ஜியம். ரிச்சர்ட் ஆட்டம் முழுக்க 18 எடுத்தார். 12 புள்ளி பின்தங்கிய அணி 65-63 என்று வென்றது.

வேகத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. பந்து கைக்கு வரும் ஒவ்வொரு வாய்ப்புக்கும் வலிய அணிக்கு 0.12 புள்ளி சாதகம் என்றால், வாய்ப்புகள் கூடக் கூடச் சாதகம் நேர்விகிதத்தில் வளரும்; தற்செயலோ வர்க்கமூல விகிதத்தில்தான் வளரும். 60 வாய்ப்பு ஆட்டத்தில் 76 சதவீத வெற்றி வாய்ப்பென்றால், 75 வாய்ப்பு ஆட்டத்தில் 78. ஆறு ஆட்டத்துக்குப் பெருக்கினால் 19, 23. நாட்டிலேயே மிக மெதுவாக ஆடிய அணிகளில் ஒன்றான வர்ஜீனியா 2018-இல் 22 மூன்று புள்ளி வீச்சில் 4 மட்டும் போட்டபோது, சரிக்கட்ட அதனிடம் வாய்ப்புகளே மிச்சமில்லை. 2019-இல் அதே மெதுவான ஆட்டத்தோடு கோப்பையை வென்றதும் உண்மை. ஆனால் வழியைப் பாருங்கள்: பர்டூவிடம் கூடுதல் நேரம், ஆபர்னிடம் 0.6 விநாடி மிச்சமிருக்கையில் கைல் கை போட்ட மூன்று ஃப்ரீ த்ரோக்கள், இறுதியில் டெக்சாஸ் டெக்கிடம் மறுபடி கூடுதல் நேரம்.

இதையெல்லாம் சாபம், ராசி, விதி என்று பேசுவது எனக்கு உறுத்துகிறது. மூட நம்பிக்கை என்பதற்காக மட்டுமல்ல. ஒரு நாள் பந்து விழாததற்காக நல்ல பயிற்சியாளரின் வேலை பறிபோவதற்கும் அதுவே காரணம். 2025-26 முதல் ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களோடு வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம்; முதல் ஆண்டின் வரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். அந்தப் பணத்தில் ஒரு சிறு துளியைத் தங்கள் புள்ளியியல் துறைகளுக்குக் கொடுத்து, ஆட்டத் தரவுகளை எல்லோருக்கும் திறந்துவிடலாம். பெரும்பாலானவை மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகங்கள்.

அணியின் இடங்களைப் பொறுத்தவரை, 13 ஸ்காலர்ஷிப் என்ற பழைய வரம்பு போய், பணப் பங்கீட்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு இப்போது 15 பேர். ஓர் ஆட்டத்துக்கு ஐவர் × 40 நிமிடம் = 200 நிமிடம்; மார்ச்சில் அதை எட்டு ஒன்பது பேரே பங்கிடுவார்கள். ஒரு நாள் இடைவெளியில் இரண்டு ஆட்டம் வருவதால் முதல் ஐவருக்கு 33 நிமிடத்துக்கு மேல் கொடுக்காமல் சீசனை ஓட்டுவது நல்லது. பந்தைக் கொண்டுபோகத் தெரிந்த மூவரையும் உயரமான மூவரையும் முதலில் பிடியுங்கள், பிறகு இரண்டு மூன்று நிலைகளையும் காக்கக்கூடிய நடுத்தர உயரக்காரர் மூவர். மீதி ஆறு இடங்களை உயர்நிலைப் பள்ளியிலிருந்து வரும் இளைஞர்களுக்கு விடுங்கள். அடுத்த வசந்தத்தில் போர்ட்டலில் தேடவேண்டிய ஆள் அந்த அளவுக்குக் குறையும்.