அட்வகசி என்றால் பரிந்து பேசுதல்

குழந்தைகளுக்காக வேலை செய்கிற தொண்டு நிறுவனங்களின் கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், ‘அட்வகசி’ என்ற சொல் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் காதில் விழும். பாலிசி அட்வகசி, சைல்டு ரைட்ஸ் அட்வகசி, அட்வகசி மீட்டிங். அதே கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய்க்கு, அவர் பிள்ளைக்காகத்தான் இவ்வளவும் பேசுகிறார்கள் என்பதே புரிந்திருக்காது. தமிழில் சொல் இல்லாமல் இல்லை, இருக்கிற சொல்லை நாம் எடுப்பதில்லை, அதுதான் என் ஆதங்கம்.

முதலில் சொல்லின் வேர். லத்தீனில் ‘அட்’ என்றால் பக்கம் அல்லது நோக்கி, ‘வொகாரே’ என்றால் அழைத்தல். ‘அட்வொகாட்டுஸ்’ என்பவர் துணைக்கு அழைக்கப்பட்டவர். வழக்கில் சிக்கிய ஒருவர் தனக்காக வந்து நிற்கும்படி கூப்பிட்டுக்கொள்ளும் ஆள். நாம் நீதிமன்றத்தில் பார்க்கும் அட்வகேட் அங்கிருந்து வந்தவர்தான். இதோடு சேர்த்து இன்னொரு லத்தீன் சொல்லையும் பாருங்கள். கைக்குழந்தைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘இன்ஃபன்ட்’, ‘இன்ஃபன்ஸ்’ என்பதிலிருந்து வந்தது, அதற்கு நேர்ப்பொருள் ‘பேசாதது’. பேச முடியாத ஒன்று, அதன் பக்கத்தில் நின்று பேச ஒருவர். இரண்டு சொற்களும் ஒன்றுக்கொன்று காத்திருந்த மாதிரி இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலருக்கும் சட்டென்று வாயில் வருவது ‘வக்காலத்து’. அது அரபு மூலம் கொண்டது, வக்கீலும் அதன் உறவுதான். ஆனால் இந்த இடத்துக்கு அது பொருந்தாது. ஒன்று, பேச்சு வழக்கில் அது கெட்டுப்போய்விட்டது. “அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குற?” என்று கேட்டால், தப்பு செய்தவனைத் தாங்கிப் பேசுகிறாய் என்றுதான் அர்த்தம். இன்னொன்று, வக்காலத்து என்பது கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் அதிகாரம், ‘வக்காலத்து நாமா’ இல்லாமல் வக்கீல் எழுந்து பேச முடியாது. மூன்று வயதுக் குழந்தை யாருக்குக் கையெழுத்துப் போடும்? அதற்கு ஓட்டும் கிடையாது. யாரும் கேட்காமலேயே போய்ப் பேச வேண்டிய இடம் இது.

நமக்கு வேண்டிய சொல் ‘பரிதல்’ என்பதில் இருக்கிறது. பரிதல் என்றால் அன்பால் உருகுதல், பிறர் துன்பத்துக்காக வருந்துதல். பரிவு அதன் பெயர். மாணிக்கவாசகர் “பால்நினைந் தூட்டும் தாயினும் சாலப் பரிந்து” என்று பாடுகிறார். குழந்தை கேட்பதற்கு முன்னால், அதற்குப் பசிக்கும் என்று தானே நினைத்துப் பால் கொடுக்கிற தாய், அதைவிட அதிகமாகப் பரிதல். இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. அப்படிப் பரிந்து ஒருவருக்காகப் பேசினால் அது பரிந்து பேசுதல். இது நேற்று கட்டிய சொல்லும் அல்ல. யோவானின் முதல் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் ஆங்கில பைபிள் ‘அட்வகேட்’ என்று சொல்லும் இடத்தில், தமிழ் வேதாகமம் ‘பரிந்து பேசுகிறவர்’ என்று அழகாகச் சொல்லிவிட்டது.

‘பரிந்துரை’யும் இதே வேர்தான், பரிந்து உரைப்பது. ஆனால் அது இன்றைக்குச் சிபாரிசின் இடத்துக்குப் போய்விட்டது. வேலைக்குப் பரிந்துரைக் கடிதம், குழுவின் பரிந்துரைகள், மருத்துவர் பரிந்துரைத்த மாத்திரை. உள்ளே இருந்த பரிவு கரைந்து வெறும் அலுவலகச் சொல்லாக நிற்கிறது. அதனால் செயலைச் சொல்லும்போது ‘பரிந்து பேசுதல்’ என்று பிரித்தே சொல்வது நல்லது என்பது என் கருத்து.

இது உதவி செய்வதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று கேட்டால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைக் காட்டலாம். போக்கிடம் இல்லாத பெண் பிள்ளைகளுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார், அது உதவி. சென்னைச் சட்டசபைக்குள் போய், சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் தேவதாசி வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்று நின்றார், அது பரிந்து பேசுதல். இல்லத்துக்கு வந்து சேர்ந்த பிள்ளைக்கு முதலாவது போதும், வர வழியில்லாத பிள்ளைக்கு இரண்டாவதுதான் கதி. 1920களின் இறுதியில் அவர் எடுத்த பேச்சு முழுத் தடைச் சட்டமாக வந்து சேர 1947 ஆகிவிட்டது.

இன்னொன்று நமக்கு நெருக்கமான விஷயம், சோறு. காமராஜர் காலத்தில் 1956இல் தொடங்கிய மதிய உணவு, எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கிய சத்துணவு, 2022இல் வந்த காலை உணவு எல்லாம் நமக்குப் பழக்கம். ஆனால் 2001இல்கூடப் பல மாநிலப் பள்ளிகளில் சமைத்த உணவு கிடையாது, மாதத்துக்கு இவ்வளவு என்று தானியத்தை அளந்து கொடுத்தார்கள், அல்லது அதுவும் இல்லை. அந்த ஆண்டு ராஜஸ்தானில் வறட்சி, பட்டினி. அரசுக் கிடங்குகளில் தானியம் குவிந்து கிடந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நவம்பர் 28 அன்று வந்த இடைக்கால உத்தரவு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் சமைத்த மதிய உணவு, குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்கு 200 நாளாவது என்று கணக்குப் போட்டுச் சொன்னது. பரிவு வெறும் உருக்கமாக நின்றுவிடாமல் கிராம் கணக்கு வரைக்கும் போக வேண்டும் என்பதற்காகத்தான் இந்த எண்களைச் சொல்கிறேன்.

அப்புறம் ‘பாலிசி’. கொள்கை என்கிறோம், சரியான சொல்தான். ஆனால் கேட்பவர் கட்சிக் கொள்கை என்று நினைத்துவிடுவதால் ‘அரசுக் கொள்கை’ என்று சேர்த்துச் சொல்லலாம். தமிழ்நாட்டில் மானியக் கோரிக்கையின்போது, அதாவது செலவுக்குப் பணம் கேட்கும்போது, ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் ‘கொள்கை விளக்கக் குறிப்பு’ வைக்கும். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு பணம், யாருக்குக் கிடைக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும், பரிந்து பேசப் போகிறவர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

பக்கத்துச் சொற்களோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். பரப்புரை என்பது மக்களிடம் கருத்தைக் கொண்டுபோவது, பரிந்து பேசுவதற்கு அது ஒரு கருவி, அவ்வளவுதான். லாபி என்பது பெரும்பாலும் தன் ஆதாயத்துக்காக அதிகாரத்தில் இருப்பவர்களைத் தனியாகப் பிடிப்பது, அதை இதோடு சேர்க்கவே கூடாது.

எனவே ‘நலிந்த குழந்தைகளுக்கான பாலிசி அட்வகசி செய்கிறோம்’ என்று அழைப்பிதழில் போடுவதை விட்டுவிட்டு, ‘நலிந்த நிலையில் உள்ள பிள்ளைகளையும் குடும்பங்களையும் காக்கும் சட்டதிட்டங்களுக்காக அரசிடம் பரிந்து பேசுகிறோம்’ என்று போடுங்கள். கொஞ்சம் நீளம்தான். ஆனால் பின்வரிசையில் இருக்கும் அந்த அம்மாவுக்குப் புரியும், புரிந்தால் அவரும் எழுந்து இரண்டு வார்த்தை பேசுவார்.