‘இயற்கை மரணம் அடையும் வரை’: ஒரு தவறான மொழிபெயர்ப்பு

குழந்தையை வன்கொடுமை செய்தவனுக்குத் தண்டனை விதித்த செய்தி வரும்போதெல்லாம் இந்த வரியும் கூடவே வந்துவிடுகிறது: ‘குற்றவாளி இயற்கை மரணம் அடையும் வரை சிறையில் இருக்க வேண்டும்.’ இந்த வாரமும் தொலைக்காட்சியில் இதையே கேட்டேன். தமிழில் இயற்கை மரணம் என்றால் விபத்தோ கொலையோ தற்கொலையோ இல்லாத சாவு. அவன் எப்படிச் சாக வேண்டும் என்று எந்தத் தீர்ப்பும் சொல்வதில்லை. எவ்வளவு காலம் உள்ளே இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 6ஆம் பிரிவை 2019இல் திருத்தினார்கள். அதன்படி குறைந்தது 20 ஆண்டு கடுங்காவல். அது ஆயுள் சிறை வரை போகலாம், மரண தண்டனையும் விதிக்கலாம். இங்கே ஆயுள் சிறை என்பது அந்த ஆளின் மீதி வாழ்நாள் முழுவதையும் குறிக்கும் என்று பிரிவே விளக்கிவிடுகிறது. அந்த வாழ்நாளுக்கு ஆங்கில மூலத்தில் உள்ள சொல் ‘நேச்சுரல் லைஃப்’. நேச்சுரல் என்றதும் இயற்கை என்று எழுதினார்கள், சரி. லைஃப் எப்படி மரணமானது? வேறு சிலர் ‘இயற்கையான வாழ்க்கை’ என்று எழுதுகிறார்கள். அதைப் படித்தால் மரமும் தோட்டமுமாக வாழ்வதுதான் நினைவுக்கு வரும்.

அந்த ஆங்கிலத் தொடருக்கு ஒரு பழைய காரணம் உண்டு. இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் மடத்தில் சேர்ந்து துறவியானவர், உடலில் உயிர் இருந்தாலும், சட்டத்தின் கணக்கில் இறந்தவர். ‘ஆயுள் முழுக்க’ என்று மட்டும் எழுதிக் கொடுத்த சொத்துரிமை, அவர் துறவு பூண்ட அன்றே முடிந்துவிடலாம். அதைத் தவிர்க்கத்தான் உடலில் உயிர் இருக்கும் காலம் என்ற பொருளில் ‘நேச்சுரல்’ என்று சேர்த்தார்கள். நம்மிடம் அப்படி இரண்டு வகை ஆயுள் இல்லை. அதனால் தமிழில் ‘இயற்கை’க்கு வேலையே இல்லை.

ஆயுள், தண்டனை இரண்டுமே வடமொழி வேர் கொண்டவை. ‘ஆயுஸ்’ ஆயுளானது, பேச்சில் ஆயுசு. தண்டம் என்றால் கோல். ‘ஆயுள் தண்டனை’க்குப் பதில் ‘வாழ்நாள் ஒறுப்பு’ என்று எழுதச் சொல்லும் தனித்தமிழ் அன்பர்கள் இருக்கிறார்கள். ‘தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால் ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து’ என்ற குறளில் அந்தச் சொல் எனக்கும் பிடிக்கும். ஆனால் தீர்ப்பைக் கேட்க நீதிமன்ற வாசலில் நிற்பவர் அந்தக் குழந்தையின் அம்மா. ஒறுப்பு என்றால் என்னவென்று அவர் யாரிடம் போய்க் கேட்பார்? வாழ்நாளை எடுத்துக்கொள்வோம், ஒறுப்பை விட்டுவிடுவோம்.

இதையெல்லாம்விட என்னை அதிகம் உறுத்துவது ‘சாகும் வரை ஆயுள் தண்டனை’. அது என்ன, சாகும் வரை ஆயுள்? சாவதற்கு முன்பே முடிந்துபோகிற ஆயுள் ஒன்று இருக்கிறதா? இருக்கிறது என்றுதான் மக்கள் நம்புகிறார்கள். ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம், அப்புறம் வெளியே வந்துவிடுவான் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உச்ச நீதிமன்றம் 1961லேயே கோட்சே வழக்கில் (கோபால் விநாயக் கோட்சே, காந்தியைக் கொன்ற நாதுராமின் தம்பி) இதைத் தெளிவாக்கிவிட்டது: ஆயுள் தண்டனை என்பது மீதி ஆயுள் முழுவதற்கும்தான், அரசு தண்டனையைக் குறைத்தால் ஒழிய. 14 என்ற எண், 2024 வரை நடப்பில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1978இல் சேர்த்த 433அ பிரிவில் இருந்தது. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை 14 ஆண்டு முடியும் முன் விடுவிக்கக் கூடாது என்றது அது; அதன் இடத்தில் வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. கீழ் வரம்பாக வைத்ததை மேல் வரம்பாக மாற்றிப் புரிந்துகொண்டோம். ‘சாகும் வரை’ என்ற அடைமொழி அந்தத் தப்பை இன்னும் உறுதியாக்குகிறது. அது இல்லாத ஆயுள் எல்லாம் குறுகிய ஆயுள் என்றாகிவிடுகிறது. போதாததற்கு, சாகும்வரை உண்ணாவிரதம் என்று கேட்டுக் கேட்டு, ‘சாகும் வரை’ என்பதை யாரும் அதன் சொற்பொருளில் எடுத்துக்கொள்வதும் இல்லை.

இவற்றுக்குப் பதிலாக நான் சொல்வது ‘எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சிறை’. இன்னும் சுருக்கம் வேண்டுமென்றால் ‘உயிருள்ளவரை சிறை’. இதிலும் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் அரசியல் சாசனம் தந்த மன்னிப்பு அதிகாரம் அப்படியே இருக்கும். அதைச் செய்தியில் தனி வாக்கியமாகச் சொல்லலாம், சொல்லுக்குள் திணிக்க வேண்டியதில்லை.

‘இரட்டை ஆயுள்’, ‘மூன்று ஆயுள்’ தலைப்புகளையும் கொஞ்சம் நிறுத்த வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன முத்துராமலிங்கம் வழக்கில், மனிதனுக்கு ஒரே ஓர் ஆயுள்தான், அதனால் பல ஆயுள் தண்டனைகளை ஒன்று முடிந்து அடுத்தது என்று அடுக்க முடியாது என 2016இல் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். இரண்டு குற்றங்களுக்கும் தனித்தனியே ஆயுள் சிறை, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று எழுதினால் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.