படைப்புவாதம்: சொல்லும் பொருளும்

போன தவணை கூர்ப்பு (பரிணாமம்) பாடம் தொடங்கிய அன்று பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், கூர்ப்பு சரியெண்டா, கடவுள் படைச்சதெண்டு சொல்லக்கூடாதோ?" திருகோணமலை வகுப்பறை அது. கோணேசர் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் போகிற பிள்ளைகள் ஒரே வாங்கில் இருப்பார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

படைப்புவாதம் என்பது 'கிரியேஷனிசம்' என்பதற்கு நாம் ஆக்கிக்கொண்ட சொல். கடவுள் உலகைப் படைத்தார் என்று நம்புவது மட்டும் படைப்புவாதம் ஆகாது. உயிரினங்கள் தனித்தனியே படைக்கப்பட்டன, ஒரு வகையிலிருந்து வேறொரு வகை வரவில்லை என்று வாதிடுவதே அது. மூலம் லத்தீன் 'கிரேயாரே', உண்டாக்குதல். வளர்தலைக் குறிக்கும் 'கிரெஸ்கெரே' அதற்கு உறவுச்சொல். கிறிஸ்தவ இறையியலில் இப்பெயருக்கு வேறொரு பொருளும் உண்டு: ஒவ்வோர் ஆன்மாவையும் கடவுள் புதிதாகப் படைக்கிறார் என்ற கொள்கை.

வாதங்களில் பேர்போனது கடிகார வாதம். வெளியில் கிடக்கும் கடிகாரத்தைக் கண்டால் செய்தவன் ஒருவன் உண்டென்போம், உயிர்களைக் கண்டால் மட்டும் ஏன் சொல்லக்கூடாது என்று 1802இல் ஆங்கிலேய மதகுரு வில்லியம் பேலி கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் கடிகாரம் இன்னொரு கடிகாரத்தை ஈனுவதில்லை. உயிர் ஈனும், ஈன்றவை சற்றுச் சற்று வேறுபடும், பிழைத்தது பெருகும். 1859இல் டார்வின் காட்டிய வழி இது.

குடத்துக்குக் குயவன் போல உலகுக்குக் கடவுள் என்ற நம் பக்கத்துக் குயவன் உவமையும் பேலியின் வாதம் போலவே தோன்றும். சரி, உள்ளே போய்ப் பாருங்கள். சைவ சித்தாந்தத்தில் குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகுக்கு அந்த மண் மாயை என்னும் மூலப்பொருள். இல்லாதது தோன்றாது, ஒடுங்கிக் கிடந்ததே மீண்டும் தோன்றும். ஒன்றுமில்லாமையிலிருந்து கடவுள் உண்டாக்கினார் என்ற கிறிஸ்தவக் கோட்பாடு வேறு, சைவர் சொல்லும் படைத்தல் வேறு. அதற்காக, "புல்லாகிப் பூடாய்" என்ற திருவாசக அடியைக் காட்டி, மாணிக்கவாசகர் அப்பவே கூர்ப்பைச் சொல்லிவிட்டார் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே பிறவி பிறவியாகப் போவது ஆன்மா. கூர்ப்பில் மாறுவது இனம்.

தமிழ்நாட்டில் பரிணாமம் என்பார்கள், அது வடசொல். இலங்கைப் பாடநூல்களில் இருப்பது கூர்ப்பு. "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்" என்கிறது தொல்காப்பியம். உள்ளது மிகுவதே கூர்ப்பு. இந்தச் சொல்லைக் கைவிட எனக்கு மனம் வராது.

படைப்புவாதத்தில் உள்ள 'வாதம்' வடசொல் என்பதால் படைப்புக் கொள்கை என்று எழுதலாம். என் தெரிவு தனிப்படைப்புக் கொள்கை. கூர்ப்போடு மோதுவது 'படைப்பு' அல்ல, 'தனி'.

அன்று பிள்ளைகளுக்குப் பிரட்ரிக் கோட்டை மான்களைக் காட்டிச் சொன்னேன். கோயிலுக்குப் போகிற வழியில் கை நீட்டினால் கிட்ட வரும். மேலே கோயில் இருக்கிற சுவாமி மலையில் நின்றால், பருவத்தில் நீலத் திமிங்கிலம் மூச்சுவிடுவது தெரியும். மான் போன்ற இரட்டைக் குளம்பு விலங்குகளின் கிளையிலிருந்துதான் திமிங்கிலம் கடலுக்குப் போனது. அதன் உடலுக்குள் இடுப்பெலும்பின் மிச்சம் இன்னும் இருக்கிறது. மானும் அதுவும் தூரத்துச் சொந்தம்.

"அப்ப அந்தச் சொந்தத்தை ஆர் உண்டாக்கினது, டீச்சர்?"

அது கூர்ப்புப் பாடத்துக்குள் வராத கேள்வி என்றேன். அவள் கொப்பியில் படைப்பு, தனிப்படைப்பு என்று இரண்டு வரியில் எழுதிக்கொண்டாள்.